கார்லைல் வெள்ளம்: சுவரில் படிந்த கறையும் மாடல் போட்ட கோடும்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டியிருக்கும் நகரம் கார்லைல். ஈடன் ஆறு ஊரின் வடக்கு விளிம்பில் ஓடுகிறது. பெட்டரில், கால்டியூ என்ற இரண்டு சிற்றாறுகள் தெற்கிலிருந்து ஊருக்குள் புகுந்து, ஒன்றன்பின் ஒன்றாக ஈடனில் சேர்கின்றன. 2005 ஜனவரி 8, சனிக்கிழமை விடிவதற்குள் மூன்று ஆறுகளும் கரை கடந்துவிட்டன. மூன்று பேர் உயிரிழந்தார்கள். 1,800-க்கும் அதிகமான வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்தது. காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், நகராட்சி அலுவலகம் மூன்றுமே வெள்ளத்தில் சிக்கின. வில்லோ ஹோம் துணை மின்நிலையம் மூழ்கியதால் பல்லாயிரம் வீடுகளுக்கு மின்சாரம் போயிற்று.

உலகத்தில் இதைவிடப் பெரிய வெள்ளங்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் தண்ணீர் எங்கே எவ்வளவு உயரம் பரவும் என்று கணினியில் கணக்கிட்டு வெள்ளப் பரவலுக்கு மாடல் போடும் எவரும் கார்லைலைத் தாண்டிப் போக முடியாது. தண்ணீர் வடிந்த கையோடு ஊர் முழுக்க நடந்து, எந்தச் சுவரில் எந்த உயரம் வரை தண்ணீர் நின்றது என்று அங்கே அளந்துவிட்டார்கள். 260-க்கும் மேற்பட்ட இடங்களில் உச்ச நீர்மட்டம் பதிவாயிற்று. ஒரு முழு நகரத்துக்கு இப்படியொரு பதிவு கிடைப்பது அபூர்வம். அந்தப் புள்ளிகளை வைத்துப் பிரிஸ்டல், லங்காஸ்டர் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகள் மாடல்களைச் சோதித்தார்கள். பத்து ஆண்டு கழித்து அதே ஊரை இன்னும் பெரிய வெள்ளம் வந்து அடித்தது. ஆக, அளவீடு, மாடல், அதற்குப் பிறகு கட்டிய தடுப்புச் சுவர், அந்தச் சுவர் சந்தித்த சோதனை எல்லாம் ஒரே ஊரில் வரிசையாகக் கிடைக்கின்றன.

ஒரு மாடல் பழைய வெள்ளத்தின் கறைகளோடு அழகாகப் பொருந்தினால், அடுத்த வெள்ளத்தையும் அது சரியாகச் சொல்லிவிடும் என்று நம்பிவிடுகிறோம். கார்லைலின் கணக்கை உட்கார்ந்து பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு குறைந்த ஆதாரம் இருக்கிறது என்று தெரியும்.

கறை எப்படிச் சாட்சி சொல்கிறது

வெள்ளம் வடிந்த தெருவில் இரண்டு வகை அடையாளம் கிடைக்கும். ஒன்று கறைக் கோடு: சேற்று நீர் நின்ற உயரத்தில் சுவரிலும் கண்ணாடியிலும் படியும் கோடு. இன்னொன்று குப்பைக் கோடு: வேலிக் கம்பியிலும் புதரிலும் மேட்டுச் சரிவிலும் சுள்ளி, வைக்கோல், பிளாஸ்டிக் எல்லாம் ஒதுங்கிக் கிடக்கும் வரிசை. கையடக்க ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டுபோய் அந்த இடத்தின் உயரத்தைச் சில செ.மீ. துல்லியத்தில் எடுத்துவிடலாம். கருவியின் துல்லியத்தைப் பற்றிக் கவலையில்லை. அளக்கப்படும் பொருள்தான் அவ்வளவு துல்லியமானதில்லை.

பூச்சுச் சுவர் தண்ணீரை மேலே உறிஞ்சும். நின்ற மட்டத்துக்குச் சில அங்குலம் மேலேகூட ஈரக்கறை ஏறியிருக்கும். தெருவில் மீட்புப் படகு போனால் அதன் அலை ஒரு கோட்டை விட்டுச் செல்லும். குப்பைக் கோடோ பல நேரம் உச்சத்தில் ஒதுங்குவதே இல்லை. தண்ணீர் இறங்கும்போது ஓரிடத்தில் கொஞ்சம் தங்கினால் அங்கேதான் குப்பை நிற்கும். ஓட்டத்தை எதிர்த்து நிற்கும் சுவரில் தண்ணீர் மோதி ஏறும், அதே வீட்டின் பின்பக்கச் சுவரில் தாழ்ந்திருக்கும். ஆகவே சில அடி இடைவெளியில் இருக்கும் இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்கொன்று அரை மீட்டர்கூட முரண்படலாம். இரண்டோடும் ஒருசேரப் பொருந்தும்படி எந்த மாடலாலும் கோடு போட முடியாது. பொருந்துகிறது என்று யாராவது காட்டினால் முதலில் அவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இவ்வளவு குறை இருந்தும் இந்த அடையாளங்களைத்தான் நான் செயற்கைக்கோள் படத்தைவிட மேலாக மதிப்பேன். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார் படம் வயல்வெளியில் நன்றாக வேலை செய்யும். ஊருக்குள் வந்தால் கட்டடச் சுவரும் தண்ணீரும் சேர்ந்து அலையைத் திருப்பி அனுப்புவதால் எது நனைந்த தெரு, எது காய்ந்த தெரு என்று பிரிப்பது கடினம். வெள்ளம் பரவிய பரப்பை மட்டும் வைத்து மாடலைச் சோதிப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சமவெளி முழுக்க நிரம்பி, இருபுறமும் மேட்டில் போய்த் தண்ணீர் முட்டிய பிறகு மட்டம் ஒரு மீட்டர் ஏறினாலும் பரப்பு அதிகம் மாறாது. அந்த நிலையில் ‘பரப்பு 85 சதவீதம் பொருந்துகிறது’ என்று வரும் மதிப்பெண்ணை வைத்து நல்ல மாடலையும் மோசமான மாடலையும் பிரித்தறிய முடியாது. உயரம்தான் பேசும்.

எந்த மாடல்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன், ஏனென்றால் தொழிலில் இருப்பவர்கள் நேரத்தை அதிகம் செலவிடுவது இங்கேதான், பிழை குறைவாக இருப்பதும் இங்கேதான்.

ஆற்றைக் குறுக்குவெட்டுகளாக வெட்டி நீள்திசையில் மட்டும் ஓட்டத்தைக் கணக்கிடுவது ஒருபரிமாண மாடல். கரைக்குள் ஓடும்வரை அது போதும். கரை தாண்டி, தெருத் தெருவாகத் திரும்பி ஓடும் தண்ணீருக்கு இருபரிமாண மாடல் வேண்டும்: நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் பக்கத்துச் சதுரத்துக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். பால் பேட்ஸும் ஆட் டி ரூவும் 2000-இல் வெளியிட்ட லிஸ்ஃப்ளட்-எஃப்பி இந்தக் கணக்கை மிக எளிமையாக்கியது. தண்ணீரின் உந்தத்தை முழுதாக விட்டுவிட்டு, மட்டச் சரிவையும் உராய்வையும் மட்டும் வைத்துக்கொண்டது. அதில் ஒரு விலை இருந்தது. சதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் சதுரங்கள் நான்கு மடங்காகும்; நேரப்படியையும் (ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவிலுள்ள நேர இடைவெளி) நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டியிருந்தது. மொத்தத்தில் 16 மடங்கு வேலை. 2010-இல் வந்த மாற்றத்தில் உந்தத்தின் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்த்தார்கள். நேரப்படி பாதியானால் போதும் என்றாயிற்று, வேலை 8 மடங்காகக் குறைந்தது. ஒரு நகரத்துக்கு ஒரே இரவில் நூற்றுக்கணக்கான தடவை மாடலை ஓட்டிப் பார்க்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலத்தின் உயரத்துக்கு கார்லைலில் விமானத்திலிருந்து லேசர் ஒளியால் அளந்த லைடார் தரவு இருந்தது. பிழை சுமார் 10 முதல் 15 செ.மீ. வரை. பல மீட்டர் பிழையுள்ள, கட்டடத்தையும் மரத்தையும் நிலம் என்று எண்ணிக்கொள்ளும் இலவசச் செயற்கைக்கோள் உயரத் தரவோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம். ஆனால் அந்தத் தரவை 25 மீட்டர் சதுரமாகச் சராசரி எடுத்தால், முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர் காணாமல் போய்விடும். வெள்ளத்தை ஒரு மணி நேரம் தடுத்து நிறுத்தியது அந்தச் சுவராகவே இருக்கலாம். இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்தும் மறையும். நகர வெள்ளத்துக்கு 5 மீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. வெள்ளத் தடுப்புச் சுவர்களின் உச்சி உயரத்தைச் சராசரியிலிருந்து எடுக்காமல் நேரில் அளந்து தனியாகக் கொடுக்க வேண்டும்.

இரண்டு பிழை சேர்ந்து ஒரு சரியான விடை

இனி வருவதுதான் விஷயத்தின் மையம்.

கார்லைலுக்குக் கீழே ஈடன் ஆற்றில் ஷீப்மவுன்ட் அளவை நிலையம் இருக்கிறது. 2005 உச்சத்தில் அங்கே வினாடிக்கு சுமார் 1,520 கன மீட்டர் ஓடியது என்கிறது பதிவு. நம் கணக்கில் ஏறத்தாழ 53,700 கன அடி. இந்த எண்ணை யாரும் அளக்கவில்லை. அளந்தது நீர்மட்டத்தை மட்டும். சாதாரண நாட்களில் ஆட்கள் போய் ஓட்டத்தின் வேகத்தை அளந்து, இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று புள்ளிகள் வைத்து ஒரு வளைகோடு வரைந்திருப்பார்கள். பொறியாளர்கள் வாயில் அது ரேட்டிங் கர்வ். பெருவெள்ளத்தன்று மட்டம் அந்தப் புள்ளிகளையெல்லாம் தாண்டி எங்கோ போய்விடும். கோட்டை மேலே நீட்டித்தான் ஓட்டத்தைப் படிக்க வேண்டும். போதாததற்கு, அந்த உயரத்தில் தண்ணீர் ஆற்றைவிட்டு இருபுற வெளியிலும் பரவி நிலையத்தைச் சுற்றிக்கொண்டும் போகும். இத்தகைய சூழலில் 10 சதவீதப் பிழைக்கு யாரையும் குறைசொல்ல முடியாது.

அடுத்தது உராய்வு. ஆற்றுப்படுகை தண்ணீரை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதற்கு மானிங் குணகம் என்ற எண் இருக்கிறது. சுத்தமான நேர்க்கால்வாய்க்கு 0.03 என்று வைப்பார்கள். செடியும் புதரும் மண்டியிருந்தால் 0.05, 0.08 என்று ஏறும். இதைக் களத்தில் நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. மாடலை ஓட்டி, கறைக் கோட்டோடு பொருந்தும்வரை இந்த எண்ணைத் திருகுவதுதான் எங்கும் நடப்பது.

அகலமான ஆற்றுக்கு மானிங் சமன்பாட்டை எழுதிப் பார்த்தால், ஆழத்தைத் தீர்மானிப்பது ஓட்டமும் குணகமும் தனித்தனியாக அல்ல, அவற்றின் பெருக்குத்தொகைதான் என்பது தெரியும். அந்தப் பெருக்குத்தொகையின் 0.6 அடுக்குக்கு ஏற்ப ஆழம் ஏறும். ஓட்டம் 1,520, குணகம் 0.035 என்றால் பெருக்குத்தொகை 53.2. ஓட்டம் உண்மையில் 1,700 ஆக இருந்து, குணகம் 0.0313 ஆக இருந்தாலும் அதே 53.2. அதே ஆழம், சுவரில் அதே கறை. குழம்பில் புளி கூடிப்போனதை உப்பைக் கூட்டிச் சரிக்கட்டுவதைப் போல, ஓட்டத்திலுள்ள பிழையை உராய்வு எண் விழுங்கிவிடுகிறது. ருசி பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. 260 அடையாளம் இருந்தாலும் 2,600 இருந்தாலும், அவை எல்லாம் உச்ச உயரத்தை மட்டும் சொல்லும் வரை, இந்த இரண்டையும் பிரித்தெடுக்க அவற்றால் முடியாது. பிரிக்க வேண்டுமானால் வெள்ள அலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பது போன்ற நேரத் தரவு கூடவே வேண்டும்.

இந்த 10 சதவீதம் சிறியதா? 7 மீட்டர் ஆழமுள்ள ஆற்றில் ஓட்டம் 10 சதவீதம் கூடினால், மேலே சொன்ன 0.6 அடுக்குப்படி ஆழம் சுமார் 6 சதவீதம் கூடும். அதாவது 40 செ.மீ. தடுப்புச் சுவரின் உச்சிக்கும் எதிர்பார்க்கும் மட்டத்துக்கும் நடுவே பாதுகாப்புக்காக விடும் இடைவெளியே பல இடங்களில் அவ்வளவுதான்.

ஆயிரம் மாடல்களைத் தேர்வில் உட்கார வைப்பது

ஒரே கறைக்குப் பல எண்தொகுதிகள் பொருந்தும் என்றால், அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘இதுதான் சரி’ என்பதற்கு நியாயம் எங்கே இருக்கிறது? லங்காஸ்டரின் கீத் பெவன் எழுப்பிய கேள்வி இது. அவரும் ஆண்ட்ரூ பின்லியும் 1992-இல் முன்வைத்த முறை க்ளூ என்ற பெயரில் புழங்குகிறது. மாடலை ஒரு தடவை ஓட்டாமல் ஆயிரக்கணக்கான தடவை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஆற்றின் உராய்வு, கரைக்கு அப்பால் தண்ணீர் பரவும் வெளியின் உராய்வு, மூன்று ஆறுகளின் ஓட்டம் ஆகியவற்றுக்கு அவற்றின் சாத்திய வரம்புக்குள் குலுக்கலில் எண் எடுக்க வேண்டும். கிடைத்த நீர்மட்டங்களை அடையாளங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட்டு, தேறாதவற்றைத் தள்ளிவிட வேண்டும். தேறியவை எல்லாவற்றையும் மதிப்பெண்ணுக்கேற்ற எடையோடு வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்கும், தேறிய மாடல்களில் எத்தனை பங்கு அந்த இடம் நனையும் என்கிறது என்று எண்ணினால், ‘இங்கே தண்ணீர் வரும், அங்கே வராது’ என்ற கோட்டுக்குப் பதிலாக 5 சதவீதம், 50 சதவீதம், 95 சதவீதம் என்று நிறம் மாறும் வரைபடம் கிடைக்கும். வெள்ள அபாய வரைபடங்களில் நிச்சயமின்மையைக் கையாள இங்கிலாந்தில் வழிகாட்டி நெறிமுறை உருவாக்கியபோது முழுமையாகச் செய்து காட்டிய இரண்டு ஊர்களில் கார்லைலும் ஒன்று. மற்றது டான் ஆற்றங்கரையிலுள்ள மெக்ஸ்பரோ.

இந்த முறைக்குக் கடுமையான எதிர்ப்பும் உண்டு. தேறுவதற்கான மதிப்பெண்ணை ஆய்வாளரே தன் விருப்பப்படி வைப்பதால், வரும் சதவீதத்துக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று நீரியல் ஆய்வாளர்கள் மந்தோவனும் டொடினியும் 2006-இல் வாதிட்டார்கள். வாதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் மாற்றாக அவர்கள் சொல்லும் முறையான பேய்ஸ் கணக்கு (நிகழ்தகவு விதிப்படி தரவைக்கொண்டு மதிப்பீட்டைத் திருத்தும் புள்ளியியல் முறை), பிழைகளின் இயல்பு நமக்கு முன்பே தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. கார்லைல் அடையாளங்களில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களின் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒரு பாலத்தில் குப்பை அடைத்திருந்தால் அதற்கு மேலேயுள்ள எல்லா வீட்டு அளவும் ஒரே பக்கமாகச் சாயும். அவற்றைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணிக் கணக்கிட்டால் நிச்சயமின்மை நம்பமுடியாத அளவுக்குச் சுருங்கி, மறுபடி ஒற்றைக் கோட்டுக்கே வந்து நிற்கும். நான் பெவன் பக்கம்தான், ஒரு நிபந்தனையோடு: தேர்ச்சி வரம்பை மாடலை ஓட்டுவதற்கு முன்பே, அடையாளங்களின் தரத்தைப் பார்த்து முடிவு செய்து எழுதி வைத்துவிட வேண்டும். பிற்பாடு பெவனே முன்வைத்த ‘ஏற்கத்தகு எல்லை’ என்ற திருத்தம் ஏறத்தாழ இதையே கேட்கிறது. ஒரு மாடல்கூடத் தேறவில்லை என்றால் அந்தச் செய்தியையும் அப்படியே வெளியிட வேண்டும். தரவிலோ மாடலிலோ ஏதோ கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழியில்லை.

சுவர் எழுந்தது, ஆறும் எழுந்தது

2005-க்குப் பிறகு சுமார் 3.8 கோடி பவுண்ட் செலவில் கார்லைலில் தடுப்புச் சுவர்களும் கரைகளும் எழுந்தன. 2010-இல் பணி முடிந்தது. 200 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்குவது இலக்கு.

2015 டிசம்பர் 5, 6 தேதிகளில் டெஸ்மண்ட் புயல் வந்தது. கார்லைலுக்குத் தெற்கே மலைப்பகுதியிலுள்ள ஹானிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 341.4 மி.மீ. மழை கொட்டியது, பிரிட்டனில் அதுவரை பதிவாகாத அளவு. அதே வாரம், டிசம்பர் 1 இரவு, தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்து அடையாறு சைதாப்பேட்டையை மூழ்கடித்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அடையாற்றங்கரைச் சுவர்களிலும் ஆயிரக்கணக்கில் கறைக் கோடுகள் இருந்தன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் ஊரில் அவற்றுக்கு ஆறு வாரம்தான் ஆயுள். இப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பிறகு அந்த ஆறு வாரத்துக்குள் மட்டக் கருவியோடு தெருவில் இறங்குவதைவிட மலிவான, பயனுள்ள ஆய்வு வேறில்லை என்பது என் எண்ணம்.

கார்லைலில் ஈடன் 2005-ஐவிட சுமார் 60 செ.மீ. உயர்ந்தது. ஓட்டம் வினாடிக்கு 1,700 கன மீட்டரை ஒட்டி மதிப்பிடப்பட்டது. சுவர்கள் உடையவில்லை, தண்ணீர் அவற்றின் மேலே ஏறி வழிந்தது. 2,000-க்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மறுபடி வெள்ளம். சுவர் வீண் என்ற பேச்சு உடனே கிளம்பியது. அது நியாயமில்லை: தண்ணீர் ஊருக்குள் வருவதை மணிக்கணக்கில் தாமதப்படுத்தி, ஆட்களை வெளியேற்ற நேரம் வாங்கித் தந்தவை அந்தச் சுவர்கள்.

கேட்க வேண்டிய கேள்வி 200 ஆண்டு என்ற எண்ணைப் பற்றியது. ஷீப்மவுன்டில் அப்போது இருந்தது ஏறத்தாழ 40 ஆண்டுப் பதிவு. 40 ஆண்டை வைத்து 200 ஆண்டு வெள்ளத்தைக் கணிப்பது, மறுபடியும் ஒரு கோட்டைத் தரவு இல்லாத இடத்துக்கு நீட்டுவதுதான். அந்தப் பதிவின் உச்சப் புள்ளிகளோ ஏற்கெனவே நீட்டிப் படித்த ரேட்டிங் கர்விலிருந்து வந்தவை. அந்த 200 சரி என்றே வைத்துக்கொண்டாலும், அத்தகைய வெள்ளம் ஏதாவது ஒரு பத்தாண்டில் வருவதற்கு 5 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இருபதில் ஒன்று. இதைச் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவரிடம் சொல்லும்போது ‘200 ஆண்டுக்கு ஒருமுறை’ என்று மட்டும் சொன்னால், தன் ஆயுளில் இனி இல்லை என்றுதான் அவர் புரிந்துகொள்வார்.

சதவீத வரைபடம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. கால்பந்து மைதானத்துக்கு 50 சதவீதக் கோட்டுக்கு உள்ளே இடம் கொடுக்கலாம். துணை மின்நிலையத்தை 5 சதவீதக் கோட்டுக்கும் வெளியே தள்ளி வைக்க வேண்டும். எந்தக் கோட்டைப் பிடிப்பது என்பதை மூழ்கினால் என்ன நஷ்டம், தடுக்க என்ன செலவு என்ற கணக்கு தீர்மானிக்கும். அதை முடிவெடுக்கும் உரிமையும் பொறுப்பும் ஊர் நிர்வாகத்தினுடையவை. ஒற்றைக் கோட்டை வரைந்து கொடுக்கும் மாடலர், யாரும் கேட்காமலேயே அந்த முடிவைத் தானே எடுத்துவிடுகிறார்.

2015 அடையாளங்களை வைத்து 2005 மாடலைச் சோதிக்கலாமே என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். 2005-இல் தண்ணீர் பரவிய வெளியில் பெரும்பகுதி இப்போது சுவருக்குப் பின்னால் இருக்கிறது. சுவர் உச்சி வரை முழு ஓட்டமும் ஆற்றுக்குள்ளேயே அடைபடுகிறது. வெளியின் உராய்வு எண்ணுக்கு அதுவரை வேலையே இல்லை. அதற்குப் பதில் படுகையின் உராய்வும், ஈடன் பாலத்திலும் பெட்டரில் மீதுள்ள பாட்சர்பி பாலத்திலும் ஏற்படும் தடையும் மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. 2005-இல் வெளியின் உராய்வு எண் விழுங்கிக்கொண்ட பிழைக்கு இப்போது ஒளிந்துகொள்ள இடமில்லை. அது நேராக நீர்மட்டத்தில் ஏறும். ஆகவே கார்லைலுக்கு இன்று புதிதாக மாடல் போடுபவர், 2005-இல் தேறிய குணகங்களை அப்படியே எடுத்து வைக்காமல், ஓட்டத்தின் வரம்பைக் குறைந்தது 10 சதவீதம் இருபுறமும் விரித்து, பாலங்களில் குப்பை அடைத்த நிலையையும் சேர்த்து, சுவரின் ஒவ்வொரு துண்டும் எந்த ஓட்டத்தில் வழியத் தொடங்கும் என்பதைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். கார்லைலின் வார்விக் சாலையில் இருப்பவருக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான்: தன் வீட்டுக்கு முன்னாலுள்ள துண்டு எப்போது வழியும், அதற்கு எத்தனை மணி நேரம் முன்னால் தனக்குத் தெரியவரும்.